கேஸ் மாத்திரையையும் சேர்த்துச் சொல்லுங்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

முதல் தடவை அவர் என் அறைக்கு வந்தது ரயில் பயத்துக்காகத்தான். படிவத்தில் அப்படித்தான் எழுதியிருந்தார். வயது 38, ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை, வீடு டோம்பிவிலி கிழக்கு, அலுவலகம் ஃபோர்ட் பக்கம், பூர்வீகம் திருநெல்வேலி, பிறந்து வளர்ந்தது தாராவி, கல்யாணமாகி 13 வருடம், 11 வயதில் ஒரு பையன். நான் செம்பூரில் இருக்கும் மனநல ஆலோசகர், மருந்து எழுதுகிற டாக்டர் இல்லை. தமிழில் பேசலாம் என்பதற்காகவே குர்லாவில் இறங்கி ஹார்பர் லைன் மாறி என்னிடம் வருகிறவர்கள் நிறைய உண்டு, இவரும் அப்படி வந்தவர்தான். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டேன். எழுத அவரிடம் அனுமதி வாங்கினேன், எழுதியதை அவர் படித்தும் பார்த்தார். ஒரு இடத்தை மட்டும் “இதை இன்னும் அழுத்தமா எழுதுங்கக்கா” என்றார். அது எந்த இடம் என்று பின்னால் சொல்கிறேன்.

இரண்டு சந்திப்பு முழுக்க ரயிலைப் பற்றியே பேசினோம். இரண்டரை வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை, ஃபாஸ்ட் லோக்கலில், லேடீஸ் டப்பாவில், காட்கோபர் தாண்டியதும் நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, கை விரல் எல்லாம் மரத்து, செத்துவிடப் போகிறோம் என்றே நினைத்திருக்கிறார். குர்லாவில் யாரோ கைத்தாங்கலாக இறக்கிவிட, ஆஸ்பத்திரியில் ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்து இதயத்தில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் ஒரு டாக்டர் எசிட்டலோபிராமும் குளோனசெபாமும் சேர்ந்த மாத்திரை எழுதினார். நம் ஊரில் பதற்றம் என்று போகிற பலர் கையில் இந்தக் கூட்டு மாத்திரை இருக்கும். மாத்திரை வேலை செய்தது, அதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இரண்டு மாதத்தில் அவர் திரும்ப ரயில் ஏறினார், வேலை போகவில்லை, பையனைப் பள்ளிக்கு அனுப்பினார். பதினாலு மாதத்துக்கு முன்னால் பதற்றம் மறுபடி தலை தூக்கியதால் எசிட்டலோபிராம் 10 மில்லிகிராமிலிருந்து 20 ஆனது.

இந்த வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் நான் முதல் சந்திப்பிலேயே ஒரு கேள்வி கேட்பேன். இவரிடம் மூன்றாவது சந்திப்பில்தான் கேட்டேன். ரயில் கதை அவ்வளவு நீளமாக இருந்ததால் தள்ளிப்போட்டுவிட்டேன், அது என் தவறு. கேள்வி இதுதான்: “இந்த மாத்திரை ஆரம்பிச்ச பிறகு, கணவரோட இருக்கறப்போ, இல்ல தனியா இருக்கறப்போ, முன்ன மாதிரி இருக்கா, ஏதாவது மாறியிருக்கா?”

கொஞ்ச நேரம் பேசவே இல்லை. தண்ணீர் குடித்தார். பிறகு, “முன்னாடியெல்லாம் வரும் மேடம். இப்ப வரவே மாட்டேங்குது” என்றார். எது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை, இருவருக்கும் தெரியும். “கிட்ட வர்ற மாதிரி இருக்கும், அப்படியே அணைஞ்சு போயிடும். அங்க பல் பிடுங்க ஊசி போடுவாங்களே, அந்த மாதிரி மரத்துக் கிடக்கு.” பதினாலு மாதமாக இப்படி. “அவர்கிட்ட நடிச்சுட்டு இருக்கேன்” என்று சொல்லும்போது அழுதுவிட்டார்.

ஏன் டாக்டரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். டாக்டர் நல்லவர்தானாம், பொறுமையாகக் கேட்பாராம், ஆனால் அவர் கேட்டது தூக்கம் எப்படி, பசி எப்படி, பயம் எப்படி என்றுதான். “இதை ஹிந்தியில எப்படிச் சொல்றதுன்னு தெரியல. யோசிச்சுப் பார்த்தா தமிழ்லயும் எனக்கு வார்த்தை தெரியல.” உச்சம், உச்சகட்டம் என்று பத்திரிகைகளில் எழுதுகிறோம், ஆனால் வாயில் வைத்துச் சொல்கிற சொல்லாக அது இன்னும் ஆகவில்லை. இந்தப் பெண்ணுக்கு வார்த்தை இல்லை என்பதாலேயே இன்னும் ஒரு வருடம் போயிருக்கும்.

இது அவர் ஒருவருடைய கூச்சம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1997-ல் ஸ்பெயினில் வெளியான ஆய்வு ஒன்று உண்டு, மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளின் வேலையைக் கூட்டும் மாத்திரை (சுருக்கமாகச் செரட்டோனின் மாத்திரை) சாப்பிடும் 344 பேரைப் பின்தொடர்ந்தது. தாமாகவே பாலியல் சிக்கலைச் சொன்னவர்கள் 14 சதவீதம். டாக்டர் நேராகக் கேட்டபோது ஆமாம் என்றவர்கள் 58 சதவீதம். ஃபுளுவாக்சடின், பராக்சடின், செர்ட்ரலின், ஃபுளுவாக்சமின் என்ற நான்கு மருந்துகளைப் பற்றிய கணக்கு அது. இவர் சாப்பிடும் எசிட்டலோபிராம் பின்னால் வந்தது, ஆனால் அதே குடும்பம்தான். 14-க்கும் 58-க்கும் நடுவில் இருக்கிறவர்கள் எல்லாரும் கேட்காததால் சொல்லாமல் இருந்தவர்கள். நான் முதல் சந்திப்பிலேயே கேட்பதற்கு அந்த இடைவெளிதான் காரணம்.

சரி, மாத்திரைதான் காரணம் என்று அங்கேயே முடிவு கட்டிவிடலாமா என்றால், கூடாது. இன்னும் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். முன்பு வந்துகொண்டிருந்ததா, அல்லது வாழ்நாளில் ஒரு தடவையும் வந்ததில்லையா? தனியாக இருக்கும்போது வருகிறதா, கணவரோடு மட்டும் வரவில்லையா? ஒரு தடவையும் வராதவருக்கு மருந்தையும் ஹார்மோனையும் தேடிக்கொண்டு போவது பெரும்பாலும் வீண், அங்கே வேலை வேறு. பல பெண்களுக்கு எங்கே, எப்படித் தொட வேண்டும் என்பதே சொல்லிக்கொடுக்கப்படவில்லை. 2018-ல் வெளியான ஒரு அமெரிக்கக் கணக்கெடுப்பில் உடலுறவு மட்டுமே போதும் என்று சொன்ன பெண்கள் 100-க்கு 18 பேர்தான். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு கிளிட்டோரிஸை, அதாவது பெண்ணுறுப்பின் மேல்பகுதியில் இருக்கும் உணர்வு மிகுந்த உறுப்பை, தொடுவது அவசியம், அல்லது தொட்டால் இன்னும் நன்றாக இருக்கும். கிளிட்டோரிஸின் முழு உடலமைப்பையே ஆஸ்திரேலியாவின் ஹெலன் ஓ'கானல் 1998-ல் எழுதிக்காட்டிய பிறகுதான் மருத்துவ உலகம் ஒழுங்காகக் கவனித்தது என்றால், டோம்பிவிலியில் ஒரு தம்பதிக்கு அது தெரியவில்லை என்பதில் அவர்கள் குற்றம் என்ன இருக்கிறது?

ஆனால் இவருக்குத் தெரியும். கல்யாணமாகி மூன்றாம் வருடத்திலிருந்து ஒழுங்காக வந்துகொண்டிருந்தது, தனியாகவும் வரும். இப்போது இரண்டிலும் இல்லை. வந்துகொண்டிருந்தது நின்றது, எல்லாச் சூழ்நிலையிலும் நின்றது, மருந்தின் அளவைக் கூட்டிய நாளோடு ஒட்டி நின்றது. சந்தேகம் மாத்திரை மேல் போவதற்கு இந்த மூன்றும் போதும்.

அடுத்த தடவை வரும்போது வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டை ஒன்று விடாமல் கொண்டுவரச் சொன்னேன். சத்து மாத்திரை, முடி கொட்டுவதற்கானது, தலைவலிக்கானது, எப்போதாவது போடுவது, எதுவானாலும். ஒரு பழைய பிஸ்கட் டப்பா நிறையக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். இரும்புச் சத்து, வைட்டமின் டி, செட்டிரிசின், முடிக்கு ஒரு பயோட்டின், அந்தக் கூட்டு மாத்திரை. அதோடு பாதி தீர்ந்த ஒரு கேப்ஸ்யூல் அட்டை. “இது வெறும் கேஸ் மாத்திரைக்கா, இதையும் எடுத்துட்டு வரணுமான்னு யோசிச்சேன்” என்றார். அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். ரேபிபிரசோல் 20, லெவோசல்பிரைட் 75.

ரேபிபிரசோல் அமிலத்தைக் குறைக்கும், அதில் இந்தக் கதைக்கு ஒன்றுமில்லை. லெவோசல்பிரைட் வேறு. அது மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளின் வழியை அடைக்கும் மருந்து, அளவைக் கூட்டினால் மனச்சிதைவு நோய்க்கே கொடுப்பது. குறைந்த அளவில் இரைப்பையின் அசைவைக் கூட்டும் என்பதால் நெஞ்செரிச்சல், உப்புசம் என்று போகிறவர்களுக்கு எழுதுகிறார்கள். சில நாளுக்குத் தேவைப்படலாம், அதை நான் மறுக்கவில்லை. இவருக்கு எழுதியது 15 நாளைக்கு. சாப்பிட்டது 17 மாதம். காலி அட்டையைக் காட்டினால் மெடிக்கலில் அடுத்த அட்டை கொடுத்துவிடுகிறார்கள், யாரும் ஏன் இன்னும் என்று கேட்பதில்லை. எனக்கு இந்த இடத்தில் உண்மையாகவே கோபம் வருகிறது. கேஸுக்கு என்று நினைத்துக்கொண்டு ஹார்மோனைப் புரட்டிப் போடுகிற மருந்தை வருடக்கணக்கில் விழுங்குகிற பெண்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன், அதில் ஒருவருக்கும் அதை யாரும் விளக்கிச் சொன்னதில்லை.

ஒரு தாளில் கோடு போட்டுத் தேதி வாரியாக எழுதினோம். எசிட்டலோபிராம் 10 ஆரம்பித்த பிறகு உச்சம் தாமதமாக வந்தது, ஆனால் வந்தது. அதை அவர் வயது என்று நினைத்துக்கொண்டார். ஒரு வருடம் கழித்துக் கேஸ் மாத்திரை. அதற்கு இரண்டு மூன்று மாதத்தில் 28 நாளில் வந்த பீரியட்ஸ் 45 நாள், பிறகு 60 நாள் என்று தள்ளிப்போனது. எசிட்டலோபிராம் 20 ஆன பிறகு உச்சம் முழுக்க நின்றது. கடைசி நான்கு மாதம் பீரியட்ஸே இல்லை. ஆசையும் இல்லை, ஈரமும் இல்லை, உடலுறவு என்றால் எரிச்சல்தான். “எங்கம்மாவுக்கு 45-ல நின்னுச்சு, எனக்குச் சீக்கிரம் நிக்குது போலன்னு பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க.” மார்பில் ஏதாவது கசிகிறதா என்று கேட்டேன். திடுக்கிட்டுப் பார்த்தார். ஜாக்கெட்டில் சில நாள் ஈரம் தெரியுமாம், ரயில் வேர்வை என்று நினைத்திருக்கிறார்.

கோடு போட்ட அந்தத் தாளோடு செம்பூரிலேயே எனக்குப் பழக்கமான மகப்பேறு டாக்டரிடம் அனுப்பினேன். முதலில் கர்ப்பப் பரிசோதனை, அது இல்லை என்றானது. தைராய்டு சரியாக இருந்தது. தைராய்டு குறைந்தாலும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறும் என்பதால் அதை விட்டுவிட்டுப் பார்க்கக் கூடாது. புரோலாக்டின், கர்ப்பமோ தாய்ப்பாலோ இல்லாத பெண்ணுக்குப் பொதுவாக மில்லிலிட்டருக்கு 25 நானோகிராமுக்குள் இருக்க வேண்டியது, 118 இருந்தது.

இதன் வேலை எப்படி என்று அவருக்குச் சொன்ன மாதிரியே இங்கேயும் சொல்கிறேன். புரோலாக்டின் தாய்ப்பாலுக்கான ஹார்மோன். மூளையில் டோபமின்தான் அதற்குத் தடைக்கட்டை. கேஸ் மாத்திரையிலிருந்த மருந்து டோபமினை மறித்ததும் தடைக்கட்டை எடுபட்டு, புரோலாக்டின் ஏறிவிட்டது. அது ஏறினால் உடம்பு பிள்ளைக்குப் பால் கொடுக்கிற காலம் போல நடந்துகொள்ளும்: மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகிற உத்தரவு குறையும், முட்டை வெளிவராது, ஈஸ்ட்ரோஜன் தாழும், பீரியட்ஸ் தள்ளும், பிறப்புறுப்பு வறளும், ஆசை அடங்கும். பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால் கொடுக்கிற மாதங்களில் இதெல்லாம் இயல்பு. இவர் பையனுக்கு 11 வயது.

புரோலாக்டின் இவ்வளவு இருந்தால் மூளையின் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி இருக்குமோ என்று எம்ஆர்ஐ எடுக்கத் தோன்றும், சிலருக்கு எடுக்கத்தான் வேண்டும். டாக்டர் நிதானமானவர். காரணமாக ஒரு மருந்து கண்ணெதிரே இருக்கும்போது முதலில் அதை நிறுத்திவிட்டு மறுபடி அளந்து பார்ப்போம், இறங்கவில்லை என்றால் ஸ்கேன் என்றார். லெவோசல்பிரைடை நிறுத்தி வெறும் அமில மாத்திரை கொடுத்தார், அதுவும் சில வாரத்துக்கு. காலையில் எழுந்து இரண்டு மணி நேரமாவது கழித்து, ஓடி வராமல், கொஞ்சம் உட்கார்ந்து ஆசுவாசப்படுத்திக்கொண்டு ரத்தம் கொடுக்கச் சொன்னார், ஏனென்றால் பதற்றமும் தூக்கமும்கூட இந்த அளவைத் தூக்கிக்காட்டும். 10 நாளில் 34. ஒன்றரை மாதத்தில் 13. ஸ்கேன் தேவைப்படவில்லை. மார்பில் கசிவு நின்றது, ஏழாவது வாரம் பீரியட்ஸ் வந்தது. அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு வரி அனுப்பினார்: “வந்துருச்சுக்கா!” நான் ஒரு நொடி குழம்பித்தான் போனேன், எது வந்தது என்று.

உச்சம் வரவில்லை. ஆசை திரும்பியது, ஈரம் திரும்பியது, எரிச்சல் போனது, ஆனால் கடைசிப் படி மட்டும் எட்டவில்லை. இந்தக் கட்டத்தில் அவருக்கு வந்த ஏமாற்றம் முன்பிருந்ததைவிட அதிகம். ஆசை இல்லாதபோது இழப்பு தெரியவில்லை, இப்போது தெரிந்தது. இங்கேதான் அவர் ஒரு காரியம் செய்தார், என்னிடமும் சொல்லாமல், டாக்டரிடமும் சொல்லாமல். எசிட்டலோபிராம், குளோனசெபாம் கூட்டு மாத்திரையை ஒரே நாளில் நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள் தலைக்குள் கரண்ட் அடிப்பது போல வெட்டி வெட்டி இழுத்தது, தலைசுற்றல், வாந்தி, தூக்கம் போனது, காரணமில்லாமல் அழுகை. ஆறாம் நாள் காலை குர்லா பிளாட்பாரத்தில் முதல் தடவை வந்ததைவிட மோசமாகப் பதற்றம் வந்து, ஒரு பூக்காரம்மா தண்ணீர் தெளித்து உட்கார வைத்திருக்கிறார். எசிட்டலோபிராமைத் திடீரென்று விட்டாலும் இப்படி ஆகும், குளோனசெபாமைத் திடீரென்று விட்டாலும் ஆகும், நீண்ட நாள் குளோனசெபாம் சாப்பிட்டவருக்கு அப்படி நிறுத்தினால் வலிப்பு வரக்கூட வாய்ப்பு உண்டு. இதைத்தான் அவர் அழுத்தமாக எழுதச் சொன்னார். இதைப் படித்துவிட்டு உங்கள் மாத்திரையை இன்று இரவு தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எழுதிக் கொடுத்தவரிடம் போய், இந்தச் சிக்கல் இருக்கிறது என்று சொல்லி, அவர் கையாலேயே குறையுங்கள்.

செரட்டோனின் மாத்திரை உச்சத்தை ஏன் தடுக்கிறது என்பதற்கு ஒரே வரி விடை இல்லை. செரட்டோனின் ஏறும்போது டோபமினும் நார்அட்ரினலினும் செய்கிற தூண்டும் வேலை மட்டுப்படுகிறது, தண்டுவடத்தில் உச்சத்துக்கான அனிச்சைச் செயலும் மந்தமாகிறது, சிலருக்குப் பிறப்புறுப்பில் தொடு உணர்வே குறைகிறது. ஆண்களுக்கும் இதேதான். விந்து சீக்கிரம் வருகிறது என்று போகிற ஆண்களுக்கு டபாக்சடின் என்று ஒரு மாத்திரை இங்கே கிடைக்கிறது, அது இதே குடும்பத்து மருந்து, தள்ளிப்போடுவதற்காகவே கொடுப்பது. ஆணுக்கு மருந்தாகப் பயன்படுத்துகிற அளவுக்குத் தெரிந்த ஒரு விளைவைப் பெண்ணிடம் ஒரு வரி சொல்லாமல் அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கூட்டு மாத்திரையைத் திரும்பத் தொடங்கி, ஒரு வாரத்தில் நிலைமை அடங்கியதும், அதை எழுதிக் கொடுத்த சைக்கியாட்ரிஸ்டிடம் அவரே பேசினார். என்ன சொல்வது என்று நாங்கள் இருவரும் உட்கார்ந்து ஹிந்தியில் மூன்று வரி எழுதி, அவர் அதைக் கைபேசியில் வைத்துக்கொண்டு போனார், சொல்ல வராவிட்டால் காட்டிவிடலாம் என்று. காட்ட வேண்டியிருக்கவில்லை, சொல்லிவிட்டார். டாக்டரும் வருத்தப்பட்டு, முன்பே கேட்டிருக்க வேண்டும் என்று சொன்னாராம். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவருக்கு நான் மனதாரக் கடன்பட்டிருக்கிறேன்.

வழிகள் பல இருந்தன. பொறுத்திருந்து பார்க்கலாம், ஆனால் உடம்பு தானாகப் பழகிச் சரியாவது சிலருக்குத்தான், இவர் ஏற்கெனவே பதினாலு மாதம் பொறுத்துவிட்டார். பியூப்ரோபியான் சேர்க்கலாம், அது செரட்டோனினைத் தொடுவதில்லை, பாலியல் பக்கவிளைவும் குறைவு, ஆனால் சிலருக்குப் பதற்றத்தைக் கிளப்பும், இவர் பிரச்சினையே பதற்றம். மிர்ட்டசபைன், வார்ட்டியாக்ஸடின் போன்ற வேறு மருந்துக்கு மாறலாம். வார இறுதியில் மட்டும் மாத்திரையை விடுவது என்று ஒரு முறை 1990-களில் செர்ட்ரலின், பராக்சடினில் பலன் தந்தது, உடம்பில் வெகு நாள் தங்கும் ஃபுளுவாக்சடினில் தரவில்லை, ஆனால் குர்லா பிளாட்பாரத்துக்குப் பிறகு அந்தப் பேச்சையே நாங்கள் எடுக்கவில்லை. ஆண்களின் விறைப்புக்குக் கொடுக்கிற சில்டெனஃபில் கூட இருந்தது: இந்த மாத்திரைகளால் சிக்கல் வந்த 98 பெண்களிடம் செய்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில், உச்சத்தில் முன்னேற்றம் இருந்தது, ஆசையில் இல்லை. “மாத்திரைக்கு மேல மாத்திரை வேண்டாம்” என்று அவர் சொல்லிவிட்டார். அது அவர் உரிமை.

கடைசியில் எடுத்தது எளிய வழி, மெதுவான வழி. கூட்டு மாத்திரையைத் தனித்தனி மாத்திரையாகப் பிரித்தார் டாக்டர், சேர்ந்தே இருந்தால் ஒன்றை மட்டும் குறைக்க முடியாது. எசிட்டலோபிராம் 20-லிருந்து 15, பல வாரம் கழித்து 10. குளோனசெபாம் இன்னும் மெதுவாக, கால் மாத்திரை கணக்கில். அதே சமயத்தில் ரயில் பயத்துக்கு நானும் அவரும் வேலை செய்தோம், இல்லாவிட்டால் மருந்து குறையும்போது பயம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும். முதல் வாரம் கூட்டமில்லாத மதியத்தில் ஸ்லோ லோக்கலில் டோம்பிவிலியிலிருந்து தாணே வரை, மூச்சு முட்டினாலும் இறங்காமல். பிறகு காட்கோபர். பிறகு காலை எட்டு மணி ஃபாஸ்ட்.

இடையில் ஒரு நாள் டெஸ்டோஸ்டிரோன் பற்றிக் கேட்டார், கைபேசியில் ஏதோ வீடியோவில் பார்த்திருக்கிறார். பெண்ணுக்கும் அந்த ஹார்மோன் உண்டு, ஆசையில் அதற்குப் பங்கும் உண்டு. ஆனால் 2019-ல் பல நாட்டு மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட நிலைப்பாடு தெளிவானது: சான்று இருப்பது மாதவிடாய் நின்ற பெண்களில், ஆசைக் குறைவு உண்மையான வேதனையாக இருப்பவர்களுக்கு மட்டும். இந்த அளவுக்குக் கீழே இருந்தால் குறைபாடு என்று சொல்ல ரத்தத்தில் ஒரு எல்லைக்கோடும் கிடையாது. அதனால் 38 வயதில், பீரியட்ஸ் திரும்பிய பெண்ணுக்கு அதை அளந்து பார்ப்பதில் பணம்தான் செலவு. கருத்தடை மாத்திரை பற்றி நான் கேட்டேன், ஏனென்றால் அது டெஸ்டோஸ்டிரோனைக் கட்டிப்பிடிக்கிற ஒரு புரதத்தை ரத்தத்தில் கூட்டும், பெரும்பாலான பெண்களுக்கு அதனால் ஒன்றும் தெரிவதில்லை, சிலருக்கு ஆசை குறையும். இவர் சாப்பிட்டதில்லை.

கணவர் வந்தது ஆறாவது சந்திப்பில். அதுவரை இவர் செடா நகர் முருகன் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் என்னிடம் வந்துகொண்டிருந்தார், வந்தபிறகு உண்மையிலேயே கோயிலுக்கும் போய்விட்டுத்தான் வீட்டுக்குப் போவார். கணவர் வாஷி மார்க்கெட்டில் வேலை பார்க்கிறார், விடியற்காலை போய் மதியம் திரும்புகிறவர். உட்கார்ந்ததும், “என்னைப் பிடிக்கலையோன்னு நெனச்சேன் டாக்டர்” என்றார். டாக்டர் இல்லை என்று சொன்னாலும் அவர் அப்படித்தான் கூப்பிடுவார். மனைவி நடிப்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததைச் சொல்லாமல், தன் வீரியம் போதவில்லை போல என்று நினைத்து, மெடிக்கலில் ரகசியமாக மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு, தலைவலியோடு இருந்திருக்கிறார். அதைக் கேட்டதும் அவர் மனைவி, “என்னங்க, சொல்லக் கூடாதா?” என்றார். “நீ சொன்னியா?” என்று அவர் திருப்பிக் கேட்டார். கோபமாக இல்லை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் கொஞ்ச நேரம் இருந்தார்கள், நானும் பேசாமல் இருந்தேன்.

அவருக்கு இரத்தக் கொதிப்பு இருக்கிறதா, சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டு, அந்த மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம் என்று சொன்னேன். இதய வலிக்கு நைட்ரேட் சாப்பிடுகிறவருக்கு அது உயிருக்கே ஆபத்து. பிறகு மூன்று வாரத்துக்கு உடலுறவு வேண்டாம், உச்சம் என்ற இலக்கும் வேண்டாம், தொடுவது மட்டும், எது பிடிக்கிறது என்று கையைப் பிடித்துக் காட்டுவது மட்டும் என்று ஒரு பயிற்சி கொடுத்தேன். மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற பாலியல் ஆய்வாளர்கள் காலத்திலிருந்து இருக்கிற பயிற்சிதான். அவர்கள் வீடு ஒரு ரூம் கிச்சன், பையன் அதே அறையில் தூங்குகிறான், பயிற்சிக்குப் பெரிய தடை அதுதான். சனிக்கிழமை இரவு பையன் தாராவியில் ஆச்சி வீட்டில் தங்குவது என்று ஏற்பாடு செய்தார்கள். பையனுக்கு அது பரம சந்தோஷம்.

இன்னொன்றும் செய்து பார்த்தோம். இந்த மாத்திரைகள் சாப்பிடும் 52 பெண்களோடு டெக்சாஸில் நடந்து 2014-ல் வெளியான ஆய்வில், உறவுக்குச் சற்று முன் அரை மணி நேரம் நன்றாக வேர்க்க உடற்பயிற்சி செய்தவர்களுக்கு ஆசையும், சிலருக்கு மற்றவையும் மேம்பட்டன. மருந்து மந்தப்படுத்திய நரம்புத் தூண்டலை உடற்பயிற்சி கொஞ்ச நேரத்துக்குத் தூக்கிக் கொடுக்கிறது என்பது விளக்கம். ஜிம்முக்கு எங்கே போவது? சனிக்கிழமை மாலை மட்டும் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ பிடிக்காமல் வேகமாக நடந்து வர ஆரம்பித்தார், 25 நிமிடம், கணவரும் ஸ்டேஷனுக்கே வந்துவிடுவார். பலன் நடையில் இருந்ததா, சேர்ந்து நடந்ததில் இருந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது, பிரிக்கத் தேவையும் இல்லை.

எசிட்டலோபிராம் 10-க்கு வந்து ஐந்தாவது வாரம் முதல் தடவை வந்தது. தனியாக இருக்கும்போது. “ரொம்ப நேரம் ஆச்சுக்கா, ஆனா வந்துச்சு. சத்தம் போட்டு அழுதுட்டேன், நல்ல வேளை யாரும் இல்ல.” கணவரோடு வர இன்னும் ஒரு மாதம் ஆனது. இப்போது மூன்றுக்கு ஒன்று, சில மாதம் இரண்டுக்கு ஒன்று, முன்பைவிட நேரம் அதிகம் பிடிக்கிறது. வராத நாளில் வரவில்லை என்று சொல்லிவிடுகிறார். முழுக்கப் பழைய நிலை இல்லை. மருந்தை நிறுத்திய பிறகும் இந்தச் சிக்கல் நீடிக்கிற சிலர் இருக்கிறார்கள், ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2019-ல் அதை மருந்துத் தாளிலேயே எச்சரிக்கையாகச் சேர்க்கச் சொன்னது. அதனால் இவருக்குத் திரும்பியதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. பதற்றம் இந்த எட்டு மாதத்தில் இரண்டு தடவை எட்டிப் பார்த்தது, இரண்டு தடவையும் ரயிலை விட்டு இறங்கவில்லை. அடுத்த வருடம் மருந்தை முழுக்க நிறுத்துவதா என்பதை அவரும் டாக்டரும் பேசி முடிவு செய்வார்கள்.

போன வாரம் வந்தபோது கைபேசியில் ஒரு படம் காட்டினார். அவர் நாத்தனார், வயது 34, தாராவியில் இருக்கிறார், அதே கேஸ் கேப்ஸ்யூல், கடை அட்டை, இரண்டு வருடமாகச் சாப்பிடுகிறார். பீரியட்ஸ் ஐந்து மாதமாக இல்லை. இரண்டாவது குழந்தை தங்கவில்லை என்று கோயில் கோயிலாகப் போய்க்கொண்டிருக்கிறாராம். வியாழக்கிழமை கூட்டிக்கொண்டு வருகிறார்.